சிவப்பு முனை, தங்க முனை

மைதானத்தில் ஒரு வெல்டிங் மெஷின்

அந்தத் திங்கட்கிழமை காலையில், கடலோரத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் முப்பத்தாறு பேர், குடையும் நோட்டுமாக. எனக்குப் பின்னால் என் கணவர் பெனடிக்ட், முழங்கை வரை தோல் கையுறை போட்டுக்கொண்டு மெஷினுக்கு ஒயர் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடிக்கம்பத்தை ஒட்டித் தலைமையாசிரியை சிஸ்டர் நின்றார். அவருடைய பார்வை எங்கள் மேலும் கைக்கடிகாரத்தின் மேலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

நான் வந்திருந்தது வேதியியல் டீச்சர் வேலைக்கு. வேலை தருவதற்கு முன்னால் ஒரு பீரியட் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்கள் கொடுத்த பாடம், லாந்தனைடுகளையும் ஆக்டினைடுகளையும் ஒப்பிடுவது. முந்தைய டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது நின்றுபோன இடம் அது. அந்தப் பகுதியை விரும்பி எடுக்கும் டீச்சரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை போய் மைதானம் வேண்டும் என்று கேட்டபோதே சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கெமிஸ்ட்ரிக்கு எதுக்கு மைதானம்?”

“வெல்டிங் செஞ்சு காட்டணும் சிஸ்டர்.”

“பிள்ளையளுக்க மேல பொறி தெறிக்காதா?”

“ஆர்கான் வெல்டிங்ல பொறி தெறிக்காது. கண்ணுதான் கவனம். கறுப்புக் கண்ணாடி இல்லாம ஒருத்தரையும் பாக்க விடமாட்டேன்.”

அவர் தலையாட்டினார். சம்மதித்தாரா, இவள் எப்படியும் தேறமாட்டாள் என்று முடிவுகட்டினாரா என்பது எனக்குப் புரியவில்லை.

இப்போது எல்லோரும் வந்தாகிவிட்டது. பெனடிக்ட் முகமூடியை இறக்கி, துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றின் மேல் ஆர்க் என்கிற மின்சுடரை வைத்தார். இரண்டு விநாடியில் நிறுத்திவிட்டார். தகட்டில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு விழுந்திருந்தது. அது ஆனி மாதம். கடலிலிருந்து வந்த காற்று மைதானத்தை வாரிக்கொண்டு போனது. உருகும் எஃகின் மேல் காற்றுப் படாமல் மூடி நிற்க வேண்டியது ஆர்கான் வாயு.

“காத்து ஆர்கானைக் கொண்டுபோவுதுட்டி,” என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. “இஞ்ச நிக்காது.”

சிஸ்டர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

எம்.எஸ்ஸி.யும் பத்தாம் வகுப்பும்

ஒரு வேதியியல் பாடத்துக்குக் கணவரையும் வெல்டிங் மெஷினையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் நிலைமை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் நெய்யூர்ப் பக்கம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு டியூஷன் சென்டரில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்து மாடிப்படிக்கு எஃகுக் கைப்பிடி போட வந்தவர்தான் பெனடிக்ட். கடற்கரைக்காரர். எட்டு வருஷம் ஷார்ஜாவில் குழாய் வெல்டிங் செய்துவிட்டு ஊரோடு வந்திருந்தார். படிக்கட்டுக்குக் கைப்பிடி போட மூன்று நாள் போதும். அவர் பதினோரு நாள் போட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது; சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கள் வீட்டில் சபை வேறு என்பதைக்கூட அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொன்றுதான் உறுத்தியது.

“பைபிள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் மோளே. ஆனா அவன் பத்தாங்கிளாஸ்ல தோத்தவன். அதுவும் சயன்ஸ்ல.”

நான் சயன்ஸில் எம்.எஸ்ஸி. அவர் சயன்ஸில் இருபத்தெட்டு மார்க். இதைச் சொல்லிச் சிரிக்காத உறவுக்காரர்கள் இல்லை. பெனடிக்டும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஸ்கூல் பக்கம் எதற்காவது போக வேண்டியிருந்தால் வாசலிலேயே பைக்கை நிறுத்திவிட்டு, உள்ளே வரமாட்டார். அதை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்.

எம்.எஸ்ஸி. இருந்து எனக்கும் பெரிய பிரயோஜனமில்லை. இரண்டு பள்ளிகளில் பாடம் நடத்திக் காட்டப் போய் இரண்டிலும் தோற்றேன். கரும்பலகை முன் நின்றதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். குறிப்பைப் பார்த்து வாசிப்பேன். இரண்டாவது பள்ளியில் ஒரு பையன் கொட்டாவி விட்டது பின்வரிசையிலிருந்து எனக்குக் கேட்டது.

மூன்றாவதாக வந்ததுதான் இந்தக் கடலோரத்துப் பள்ளி. கிடைத்தால் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். தோற்றால் இனி எங்கேயும் போவதில்லை என்று மனசுக்குள் முடிவுசெய்திருந்தேன். பெனடிக்டிடம் சொல்லவில்லை.

ஆன்சியின் உள்ளங்கை

எங்கள் மகள் ஆன்சிக்கு அப்போது ஒன்பது மாதம். தவழ ஆரம்பித்திருந்தாள். தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் தரையில் இருப்பதெல்லாம் ஒருமுறை வாய்க்குள் போய்வரும். ஒருநாள் பெனடிக்டின் செருப்பு, ஒருநாள் என் கெமிஸ்ட்ரி கைடின் அட்டை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். அடுக்களையிலிருந்து இறங்கினால் பட்டறை. நான் அடுக்களை நடையில் உட்கார்ந்து கைடைப் படித்துக்கொண்டிருந்தேன். எஃப் தொகுதி. என்ன படித்தாலும் மனசில் நிற்காத தொகுதி.

படிக்கப் படிக்க, ஆவர்த்தன அட்டவணையின் அடியில் தனியாக இரண்டு வரிசை நிற்கிறதே, அது வீட்டின் ஒட்டுத் திண்ணைபோல என்று சலித்துக்கொண்டேன். மேல்வரிசை லாந்தனைடு, கீழ்வரிசை ஆக்டினைடு. இரண்டிலும் எலெக்ட்ரான் போய்ச் சேர்வது வெளி அடுக்கில் இல்லை, உள்ளே எஃப் அறையில். இரண்டும் வெள்ளிபோல மின்னும், காற்றுப் பட்டால் மங்கும். இரண்டு வரிசையிலும் இடமிருந்து வலம் போகப் போக அயனி சுருங்கிக்கொண்டே வரும். இப்படி ஒன்றுபோல இருப்பதை எதற்கு ஒப்பிடச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

பிறகு பயன்கள் வந்தன. தோரியத்துக்கு நேராக நாலைந்து வரிகள். அணு எரிபொருள். பெட்ரோமாக்ஸ் மேன்டில். அதற்குக் கீழே: ‘டங்ஸ்டனுடன் சேர்த்து வெல்டிங் மின்முனைகள் செய்ய.’

நான் தலையைத் தூக்கினேன். பெனடிக்ட் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து டங்ஸ்டன் கம்பி ஒன்றைப் பென்சில் கூராக்குவதுபோல் கூராக்கிக்கொண்டிருந்தார். ஆர்கான் வெல்டிங்கில் ஆர்க் நிற்பது அந்தக் கம்பியின் நுனியில். நுனி மழுங்கினால் மறுபடி கூராக்க வேண்டும். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கம்பிகள். ஒவ்வொன்றின் பின்முனையிலும் சிவப்புப் பெயின்ட்.

“இஞ்ச பாருங்க. அந்தச் செவப்பு எதுக்கு அடிச்சிரிக்கு?”

“அது வகை தெரியதுக்கு. தோரியம் உள்ளது செவப்பு.”

அவர் அதை ‘உப்பு உள்ளது’ என்பதுபோலச் சொன்னார். கிரைண்டருக்கு அடியில் ஆன்சி உட்கார்ந்திருந்தாள். எப்போது இறங்கிப் போனாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை இரண்டும் சாம்பல் நிறப் பொடி. உதட்டோரத்திலும் கொஞ்சம்.

அதன்பிறகு நான் கத்தியது மூன்று வீடு தள்ளிக் கேட்டது என்று மாமியார் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தொட்டித் தண்ணீரில் கையும் வாயும் முகமும் கழுவி, மறுபடியும் கழுவினேன். ஆன்சிக்குத் தண்ணீர் விளையாட்டு. இன்னும் வேண்டும் என்று கையைத் தட்டினாள்.

“என்னத்துக்கு இந்த வெப்ராளம்?” பெனடிக்ட் பதறிப்போய் வந்தார். “இத்தன வருசமா அரைக்கேன். எனக்கு என்ன செஞ்சு?”

“தோரியம் கதிர்வீசும். தெரியுமா தெரியாதா?”

“கம்பெனியில ஒருத்தனும் சொல்லல்ல.”

“புக்குல இரிக்கு.”

“பின்ன எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். குரல் இறங்கிவிட்டது. “நான் புக்கா படிச்சேன்?”

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கம்பியும் பொடியும்

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. பிள்ளையை டாக்டரிடம் காட்டினேன். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, இனி பட்டறைக்குள் விடாதே என்றார். நான் அந்தக் கம்பி டப்பாவைக் கிடுக்கியால் தூக்கிக் கொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். பெனடிக்ட் அதைத் திண்டாட்டத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு ஹோட்டல் சமையலறை வேலை இருந்தது. கம்பி இல்லாமல் அது நடக்காது.

மூன்றாம் நாள், பயம் கொஞ்சம் இறங்கியதும், காலேஜ் நோட்டுகளை எடுத்து முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தேன். பயத்தோடு படித்தால் பாடம் மண்டையில் ஏறுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். தோரியம் முக்கியமாக வீசுவது ஆல்ஃபாத் துகள். அதைத் தடுக்க ஒரு தாள் போதும், நம் தோலே போதும். டப்பாவில் கிடக்கிற கம்பியால் கிட்டத்தட்டப் பயமே இல்லை. அரைக்கும்போது பறக்கிற பொடிதான் காரியம். அது மூச்சிலோ வாயிலோ உள்ளே போனால், தோல் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு வீசும்.

கிடுக்கியோடு போன என்னை நினைத்துச் சிரிப்பு வந்தது. டப்பாவைக் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்து பெனடிக்ட் முன்னால் வைத்தேன்.

“கம்பி ஒண்ணும் செய்யாது. பொடிதான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்பம் பட்டறையில உள்ள பொடி?”

“தூத்து வாரப்படாது. தூத்தா பறக்கும். ஈரத் துணியால ஒத்தி எடுக்கணும்.”

மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கப் பட்டறையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். துணியையும் பொடியையும் ஒரு டின்னில் போட்டு அவர் மூடியைச் சுற்றி வெல்டு வைத்தார். அவர் கோபம் போய்விட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

“ஷார்ஜாவில கடைசி வருசம் ஒரு பிலிப்பினோ பையன் தங்கக் கலர் முனை உள்ளது வச்சிருந்தான்,” என்றார் திடீரென்று. “அதில தோரியம் இல்லன்னு சொன்னான். லாந்தனமோ என்னமோ. நாங்க அவனைக் களியாக்கிச் சிரிச்சோம். எனக்க கைக்குச் செவப்புதான் பழக்கம், கேட்டியா.”

நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். லாந்தனம். மேல்வரிசையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். தோரியம் கீழ்வரிசை. இரண்டும் ஒரே வேலைக்கு.

சாலைக் கடைத்தெரு

நாகர்கோவிலில் ஏறி இறங்காத வெல்டிங் கடை இல்லை. எல்லோரும் சிவப்பைத்தான் எடுத்து நீட்டினார்கள். மார்த்தாண்டத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கே பஸ் ஏறினோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போன முதல் பிரயாணம் அது. தேனிலவுக்குக்கூட என் சித்தி குடும்பம் கூட வந்திருந்தது.

பாறசாலை தாண்டியதும் மழை. பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். உள்ளே இருட்டு, ஈரத் துணி வாசனை, யாரோ வைத்திருந்த பலாச்சுளை வாசனை. பெனடிக்ட் கேட்டார்:

“லாந்தனத்துக்குக் கதிர் இல்லியா?”

“அந்த வரிசையில புரோமீத்தியம்னு ஒண்ணுக்கு மட்டும்தான் ஒரேயடியா கதிர். அது பூமியில கிடைக்கிறதே அபூர்வம். மத்ததுக்கு ஒண்ணும் பயப்படாண்டாம். கீழ்வரிசையில அப்பிடி இல்ல. எல்லாத்துக்கும் கதிர் உண்டு.”

“பின்ன எப்பிடி ரெண்டும் ஒரே மாதிரி வேல செய்யும்?”

அதுதான் சரியான கேள்வி. நான் என்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி. ஷட்டர் இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில், பஸ் டிக்கெட்டின் பின்னால் ஒரு வட்டம் போட்டேன்.

“கதிர் வருவது நடுவில உள்ள கருவில இருந்து. ஆர்க் நிக்குதது வெளிய உள்ள எலெக்ட்ரானால. டங்ஸ்டனுக்குள்ள இது கொஞ்சம் கலந்தா, எலெக்ட்ரான் சுளுவா வெளிய வரும். அதுக்குத் தோரியம் ஆனாலும் சரி, லாந்தனம் ஆனாலும் சரி.”

அவர் டிக்கெட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் சோதிக்க வந்தபோது அதை நீட்ட மனமில்லாமல்தான் நீட்டினார்.

சாலைக் கடைத்தெருவில் மூன்றாவது கடையில் கிடைத்தது. கடைக்காரர் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து எடுத்தார். டப்பா மேல் விரல் கனத்துக்குத் தூசி.

“ஆரும் இது சோதிக்காறில்லா. நிங்ஙள்க்கு எந்தினா?” யாருமே கேட்காத சரக்கு உங்களுக்கு எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார்.

“இவளுக்குப் பாடம் நடத்த,” என்றார் பெனடிக்ட்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்.

“திங்கக்கிழமை நீங்களும் மெஷினும் ஸ்கூலுக்கு வரணும்.”

பழம்பொரி பாதியில் நின்றது. “நானா? உள்ளயா?”

“பிள்ளையளுக்கு நீங்க வெல்டு செஞ்சு காட்டினா போதும். நான் பேசிக்கிடுதேன்.”

“நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கேட்டியா? ஒரு வார்த்தை.”

“பேசாண்டாம்.”

பச்சை இருட்டு

சனிக்கிழமை பட்டறையில் சோதித்துப் பார்த்தார். எங்களிடம் ஏற்கெனவே கூராக்கி வைத்த சிவப்புக் கம்பி ஒன்று மிச்சம் இருந்தது. முதலில் அதை மாட்டினார். இரண்டாவது முகமூடியை என்னிடம் தந்தார்.

மூன்று வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியும், அவர் என்ன பார்த்து வேலை செய்கிறார் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சத்தமில்லாமல் ஆர்க் வந்தது. பச்சை இருட்டுக்குள் மணி வடிவத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அதன் அடியில் எஃகு உருகி, சோளமணி அளவுக்கு ஒரு குளம். அவர் கையை நகர்த்த நகர்த்த அந்தக் குளமும் கூடவே நகர்ந்தது. போன இடமெல்லாம் மீன் செதில் அடுக்கியதுபோல் உறைந்தது.

அடுத்து தங்க முனை. அதே மணி, அதே குளம், அதே செதில். பெனடிக்ட் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்ல,” என்றார். கொஞ்சம் ஏமாற்றமும் நிறைய ஆச்சரியமும். “அந்தப் பிலிப்பினோக்காரனைச் சும்மா களியாக்கிட்டோம்.”

குடைகள்

இனி மைதானத்துக்குத் திரும்பலாம். காற்று ஆர்கானை அள்ளிக்கொண்டு போகிறது. பெனடிக்ட் மெஷினை நிறுத்திவிட்டு நிற்கிறார். நான் கையிலிருக்கும் குறிப்பைப் பிரிக்கப் போகிறேன்.

“மிஸ்,” என்று முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். சகாய மலர் என்று பேர், பிறகு தெரிந்துகொண்டேன். “காத்துதான் தொந்தரவுன்னா, எங்க கையில கொடை இரிக்கில்லா?”

அரை நிமிஷத்தில் முப்பத்தாறு குடைகளும் விரிந்தன. பெண்கள் வெளிப்பக்கம் பார்த்து, மெஷினுக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். குடைகளைத் தாழ்த்திப் பிடித்துத் தரையோடு ஒரு வேலி. காற்று வந்த பக்கம் மட்டும் இடைவெளி. அங்கே ஒரு கறுப்புக் குடை வந்து அடைத்தது. சிஸ்டர்.

“என்ன பாக்குதே? ஆரம்பி,” என்றார், முதுகைத் திருப்பிக்கொண்டே.

ஆரம்பித்தேன். காற்றுச் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. கத்தித்தான் ஆக வேண்டும். யாருடைய முகமும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாம் முதுகு. தொண்டை அடைப்பதற்கு நேரமே கிடைக்கவில்லை.

நாலு நாலு பேராகக் கூப்பிட்டு முகமூடியையும் கைக்கண்ணாடிகளையும் கொடுத்துப் பார்க்க வைத்தேன். முதல் தகட்டில் சிவப்பு முனை, அடுத்ததில் தங்க முனை. பெனடிக்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டு வைத்துக்கொண்டே போனார். நான் சொல்லிக்கொண்டே போனேன். லாந்தனைடில் 4எஃப் எலெக்ட்ரான்கள் ஆழத்தில் பதுங்கிக் கிடக்கும், அதனால் பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஆக்டினைடில் 5எஃப் கொஞ்சம் வெளியே தலை நீட்டும், அதனால் யுரேனியம் மூன்றும் கொடுக்கும், ஆறும் கொடுக்கும். கேஸ் பற்றவைக்கிற லைட்டர் கல்லில் சீரியம், ஹெட்போன் காந்தத்தில் நியோடிமியம், டிவியின் சிவப்பில் யூரோப்பியம், எல்லாம் மேல்வரிசை. அணு உலையில் யுரேனியம், புகை கண்டுபிடிக்கும் கருவியில் அமெரிசியம், எல்லாம் கீழ்வரிசை.

“இது நம்ம கடப்பொறத்துக் கறுத்த மண்ணில உள்ளதுதானே மிஸ்?” ஒரு குடைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஆமா. அதில மோனசைட்டுன்னு ஒரு மணல் உண்டு. ஒரே மணிக்குள்ள லாந்தனமும் தோரியமும் ரெண்டும் உண்டு. குணம் ஒண்ணுபோல இரிக்கிறதுனால பிரிச்சு எடுக்கியது பெரும்பாடு.”

பெனடிக்ட் முகமூடியைத் தூக்கினார். “ஒரே மணியிலயா?” என்றார் என்னிடம். பேசமாட்டேன் என்று சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது.

எது எது?

கடைசி நாலு பேர் பார்த்து முடிக்கும் நேரத்தில் மழை இறங்கியது. சாரல் இல்லை, நல்ல மழை. பெனடிக்ட் பிளக்கைப் பிடுங்கினார். பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள். மெஷினின் மேல் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள், ராஜாவைக் கூட்டிவருவதுபோல. அவர்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

வராந்தா மேசையில் இரண்டு தகடுகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. யார் எடுத்துவந்து போட்டார்கள் என்று தெரியவில்லை.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். “இதில எது செவப்பு முனை, எது தங்கம்?”

நான் பெனடிக்டைப் பார்த்தேன். அவர் தகடுகளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, விரலால் தடவி, மறுபடி திருப்பினார். முப்பத்தாறு பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“தெரியல்ல சிஸ்டர்,” என்றார். “பதினஞ்சு வருசத் தொழிலு. ஆனாலும் எனக்குத் தெரியல்ல.”

வராந்தா முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சகாய மலர் கேட்டாள்:

“சார், ஒரு வித்தியாசமும் இல்லன்னா நீங்க எதுக்கு மாத்தினீங்க?”

அவளுக்கு நான் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கேள்வி என்னிடம் இல்லை. பெனடிக்ட் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஆர்க்குக்கு ரெண்டும் ஒண்ணுதான் மக்கா. மூச்சு இழுக்கிதவனுக்குத்தான் வித்தியாசம். செவப்பை அரைக்கும்போ பொடி பறக்கும். அது உள்ள போவப்படாது. எனக்க வீட்டில ஒரு பிள்ளை தவழுது.”

மழைச் சத்தத்துக்கு நடுவே பேனாக்கள் நோட்டில் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒப்பீட்டு அட்டவணையின் கடைசி வரிசையில், ஆக்டினைடுக்கு நேராக ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘பிள்ளை தவழும் வீட்டில் அரைக்கக்கூடாது.’ மற்ற வரிசைகள் எல்லாம் என் பாடம். அந்த ஒன்று மட்டும்தான் பரீட்சை முடிந்தும் அவர்களுக்கு மறந்திருக்காது.

மணி அடித்தது. பெண்கள் போன பிறகு சிஸ்டர் குடையை உதறி மடக்கினார்.

“இப்பம் பாடம் நடத்தினது யாரு? நீயா, அவரா?”

“ரெண்டு பேரும் சிஸ்டர்.”

“எங்கிட்ட ஒரு வேலதான் இரிக்கு.” அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பைப் பார்த்தேன். “நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்திரு. அவரு மெஷினைக் கொண்டு போகட்டும்.”

லோடு ஆட்டோவில் கேஸ் சிலிண்டரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு வந்தோம். வழிநெடுக அவர் பாட்டு முனகிக்கொண்டு வந்தார். அவருக்கு ராகம் வராது.

மறுநாள் காலையில் வேதியியல் ஆய்வகத்தைத் திறந்தேன். கண்ணாடி அலமாரியில், கந்தக அமில பாட்டிலை ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டு தகடுகளையும் வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு அட்டையில் கோணல்மாணலான கையெழுத்து. இடைவேளையில் ஆபீஸ் போனிலிருந்து பெனடிக்டைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினேன்.

“‘லாந்தனைடு ஒன்று, ஆக்டினைடு ஒன்று. எது எது என்று கேட்காதீர்கள். பெனடிக்ட் சாருக்கே தெரியாது.’”

மறுமுனையில் கிரைண்டர் சத்தம் நின்றது.

“சாருன்னா எழுதியிரிக்கு?”

“ஆமா.”

“செரி,” என்றார். “இன்னொரு தடவ வாசி.”